எதெல்வினா வீடு வாங்காமல் குடிபெயர்ந்த வரலாறு

எதெல்வினா சிகுவாய் பிறந்தது தெலாவ் தீவில். பேசத் தொடங்கியதும் அங்கேதான். அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்தியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவர்கள் வென்ற போர்களை வரிசையாகச் சொல்வார்கள். எதெல்வினா வென்ற போர் ஒன்றே ஒன்றுதான்; அதிலும் எதிரி அவள் புருஷன். ஆனால் அந்தப் போரைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இதை எழுதிவைப்பதில் தப்பில்லை.

சிலி நாட்டின் தெற்கில், சிலோயே பெருந்தீவுக்கு எதிரே, வாய்க்கால் போல ஓடும் கடலுக்கு அந்தப் பக்கம், யாரோ சாப்பிட்டுவிட்டு மிச்சம் வைத்த அடைத் துண்டு மாதிரி கிடக்கிறது தெலாவ். ஒரு காலத்தில் விடிந்தால் அங்கே வீட்டுக்கு வீடு புகை எழும். எந்த வீட்டுப் புகை தாமதமாக எழுந்தது, அதற்கு முதல் நாள் அந்த வீட்டில் என்ன சண்டை என்பது மத்தியானத்துக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பொதுச்சேவையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தவள் எதெல்வினா.

பிறகு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளை பெற்றவர்கள் பெருந்தீவுக்குப் போனார்கள். கடைக்காரர் தன் கடன்காரர்களைப் பிரிய மனமில்லாமல் பின்னாலேயே போனார். பாதிரியார் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, அந்த வருஷத்துப் பாவங்களை மொத்தமாக மன்னித்துவிட்டு, காற்று எழும்புவதற்குள் படகேறினார். பாவம் செய்யவும் ஆள் குறைந்துவிட்டதால் அவருக்கு வேலை சீக்கிரமே முடிந்தது.

கடைசியில் தீவில் மிஞ்சிய சில வீடுகளும் எட்ட எட்ட இருந்ததால், எதெல்வினாவுக்கு அன்றாடம் பேச்சுத் துணையென்று மிஞ்சியவன் அவள் புருஷன் பெலார்மீனோ. நல்ல மனிதன், குடித்தாலும் யாரையும் அடிக்காதவன், உருளைக்கிழங்கு போடுவதில் தீவிலேயே முதல் ஆள். ஆனால் அவன் பேசுவது மழை விடாத நம் தீவுகளில் வெயில் அடிக்கிற மாதிரி. எப்போதாவது வரும், வந்தால் எல்லோரும் வெளியே வந்து பார்ப்பார்கள்.

வாரத்தில் சில நாள் எதெல்வினா எதிர்க்கரையில் இருக்கும் கோல்தே ஊருக்குப் படகில் போய், துறையடியில் உருளைக்கிழங்கு அடை சுட்டு விற்பாள். சுடச்சுட அடையும் சுடச்சுட ஊர்க்கதையும் ஒரே விலைக்குக் கிடைத்ததால் அவளிடம் எப்போதும் கூட்டம். கடல் கொந்தளித்துத் திரும்பிப் போகப் படகு இல்லாத நாட்களில் ரொட்டிக்கடைக்காரி வீட்டில் தங்குவாள். மற்றவர்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவளோ வானத்தைப் பார்த்துக் கொந்தளிப்பு இன்னும் இரண்டு நாள் நீடிக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் விஷயத்தை நேராகவே எடுத்தாள்.

"கிழவா, நாம கோல்தேக்குப் போயிடுவோம்."

"போயிட்டு வா."

"குடி போறதச் சொல்றேன். நீயும்தான்."

"இங்க என்ன குறைச்சல்?"

"பேச ஆளில்ல."

"எனக்கு அது குறைச்சலாத் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. கல்லுக்குத் தெரியுமா? நேத்து நான் ஆட்டுக்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன், தெரியுமா உனக்கு? அது உன்னவிட நல்லாக் கேக்குது."

பெலார்மீனோ அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். அவன் நீண்ட சொற்பொழிவு ஆற்றப்போகிறான் என்பதற்கு அது அடையாளம்.

"வேற கரை, வேற ஊருன்னா எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எவனோ கட்டின கூரைக்குக் கீழ, எவனோ மூட்டின அடுப்புப் பக்கத்துல நான் படுக்க மாட்டேன். இது எங்கப்பன் சைப்ரஸ் மரம் வெட்டி, தோள்ல சுமந்து வந்து கட்டின வீடு. இதுல பிறந்தேன். மிச்சத்தையும் இதுலதான் பாப்பேன்."

அந்த வருஷத்துக்கான அவன் பேச்சு அத்தோடு தீர்ந்துவிட்டது.

எதெல்வினா மனம் தளரவில்லை. நல்ல வீடாக ஒன்றைப் பார்த்துவிட்டால் கிழவன் இளகிவிடுவான் என்று நம்பினாள். கோல்தேயில் வீடு வாங்கவும் விற்கவும் தரகு பேச ஒரு பெண் கடை போட்டிருந்தாள். பெயர் யெசேனியா. காஸ்த்ரோ பட்டணத்துப் பிள்ளை; நகத்துக்கெல்லாம் சாயம்; மழையிலும் வெள்ளைச் செருப்பு; பெரியவர்களை மரியாதையாகத் தோன், தோன்யா என்றுதான் கூப்பிடுவாள். வீடுகளை அவள் விவரிக்கும் அழகுக்கு, கேட்கிறவர்கள் வீட்டைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

"தோன்யா எதெல்வினா, இத பாருங்க. பழமை மாறாத குடில். கடல் பாத்த மாதிரி."

எதெல்வினா பார்த்தாள்.

"இது தோன் எலெயுதேரியோவோட கோழிக்கூடு ஆச்சே?"

"முன்னாடி அப்படி இருந்திருக்கலாம்..."

"முன்னாடி என்ன முன்னாடி! அதோ, கோழி உள்ளதானே இருக்கு!"

"அதயும் சேத்துத்தான் விலை, தோன்யா."

விலையைக் கேட்டதும் எதெல்வினா சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த விலைக்குப் பெலார்மீனோவின் அப்பா தெலாவையே வாங்கி, மிச்சத்தில் ஒரு படகும் வாங்கியிருப்பார். ஆனால் யெசேனியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பக்கம் சின்னத் தீவுகளிலிருந்தெல்லாம் சனங்கள் கோல்தேக்குக் குடிவந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தலைநகர் சாந்தியாகோவில் பணம் சேர்த்து, நிம்மதியைத் தொலைத்தவர்கள், நிம்மதி வாங்கக் கோல்தேக்கே வந்திறங்கினார்கள். வீடு என்று பெயர் சொல்லக்கூடிய எதையும் இரண்டு கூட்டமும் விட்டுவைக்கவில்லை. அதே நேரம் தெலாவில் நல்ல நல்ல வீடுகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத வீடுகள். இந்தப் பக்கம் வீடில்லாத ஆட்கள். இதைச் சரிசெய்யப் படித்தவர்கள் நிறையக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களும் தங்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

மூன்றாவது கோழிக்கூட்டையும் பார்த்து முடித்துத் திரும்பும் வழியில், துறைக்கு மேலே ஒரு சரிவான வெற்று நிலத்தைப் பார்த்து எதெல்வினா நின்றாள்.

"இது யாருது?"

"அத விடுங்க, அதுல வீடே இல்ல. யாரும் சீண்ட மாட்டேங்கறாங்க. மரம் விக்கிற விலைக்கு இப்ப எவன் வீடு கட்டுவான்?"

"எனக்கு வீடு வேணாம். வீடு இருக்கு."

"எங்க?"

எதெல்வினா கடலைக் காட்டினாள். யெசேனியா அவள் விரல் போன திசையில் பார்த்தாள். பனிமூட்டமும் ஒரு கடற்காக்கையும் தெரிந்தன. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளை என்பதால் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அடை விற்றுச் சேர்த்த காசை எண்ணிக் கொடுத்து எதெல்வினா அந்த நிலத்தை வாங்கினாள்.

வீட்டை இழுத்துக்கொண்டு போவது நம் தீவுகளில் புது விஷயமில்லை. வீட்டுக்குக் கீழே இரண்டு முழு மரங்களைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்து, மாடு பூட்டி, கரைக்கு இறக்கி, பீப்பாய்களைக் கட்டி, கடல் நீர் ஏறும் பெருக்கு வந்ததும் மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்துப் போவார்கள். மிங்கா என்பார்கள். கூலி கிடையாது. கூலி தருகிறேன் என்று சொன்னால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வயிறு நிறையச் சோறும் ஆப்பிள் கள்ளும் போட வேண்டும். இன்னொரு நாள் அவர்கள் கூப்பிட்டால் நாம் போக வேண்டும். அதையெல்லாம்விட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு: வீட்டுக்காரன் வீடு வீடாகப் போய்த் தன் வாயால் கேட்க வேண்டும். 'வேண்டிக் கேட்டு வந்திருக்கேன்' என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டால் பரம எதிரிகூட மறுக்க மாட்டான். கேட்காவிட்டால் சொந்தத் தம்பிகூட வர மாட்டான்.

பெலார்மீனோவோ தன் வாழ்நாளில் பக்கத்து வீட்டில் உப்புகூடக் கேட்டதில்லை.

காத்திருக்கவும் நேரமில்லை. தெலாவில் உழவு மாடு மிச்சமிருந்தது தோன் அவுதீலியோவிடம் மட்டும்தான், மலைபோல மாடுகள். அவரும் அமாவாசைப் பெருக்கு முடிந்ததும் மாடுகளோடு மகன் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார். அவர் போய்விட்டால் தெலாவில் இருந்து ஒரு முக்காலியைக்கூட நகர்த்த முடியாது. இந்தப் பெருக்கில் வீடு தாண்டியாக வேண்டும். கிழவனோடு தாண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் எதெல்வினா மிச்ச வாழ்க்கை முழுக்க ஆட்டோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"கிழவா, உன் கூரை, உன் அடுப்பு, உங்கப்பன் மரம், எல்லாத்தையும் அப்படியே கொண்டுபோறேன். இப்ப என்ன சொல்ற?"

பெலார்மீனோ தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"போய்க் கேப்பியா?"

அவன் எழுந்து போய்க் கிழங்குக் கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் அவளே புறப்பட்டாள். வீட்டுக்காரனுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மனைவி கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து உண்டு.

"தோன் அவுதீலியோ, பெலார்மீனோ சார்பா வேண்டிக் கேட்டு வந்திருக்கேன். அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. சத்தமே வரல."

"அவனுக்கு எப்ப வந்துச்சு?" என்றார் அவுதீலியோ. ஆனாலும் சம்மதித்தார். கோல்தேயில் புது நிலத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடமும் அதே தொண்டையைச் சொல்லிக் கேட்டு முடித்தாள்.

பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது. அவளுக்கு இல்லை, பெலார்மீனோவுக்கு. பாசமுள்ள சனங்கள் ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்துவிட்டார்கள். ஒருத்தி கழுத்தில் சூடான சாம்பல் பொட்டலம் கட்டினாள். இன்னொருத்தி கடற்பாசிக் கஷாயம் புகட்டினாள். அவுதீலியோவின் மனைவி ஓநாய்க் கொழுப்பு என்று சொல்லிக் கொண்டுவந்து தடவியதை எந்த ஓநாயும் ஒப்புக்கொள்ளாது. பெலார்மீனோ வாய் திறந்து 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தவன், கொள்கைக்காக எல்லாவற்றையும் குடித்தான்.

குறித்த நாள் காலையில் தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் படகில் முன்னே போயின. கதவு சன்னல்களைக் கழற்றினார்கள். சுவர் நெகிழாமலிருக்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரம் கொடுத்தார்கள். இரும்பு அடுப்பை மட்டும், நடுவீட்டில் இருந்ததால், அப்படியே விட்டார்கள். அவுதீலியோ கறாராகச் சொல்லிவிட்டார்:

"உள்ள வேற ஒண்ணும் இருக்கக்கூடாது. ஒரு கரண்டி இருந்தாலும் வீடு சாஞ்சிடும். கேட்டுக்கிட்டியா பெலார்மீனோ? நீயும் இறங்கு."

பெலார்மீனோ அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தான். கைகளைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேர் தூக்கப் பார்த்தார்கள். அவன் அடுப்பைப் பிடித்துக்கொண்டான். அடுப்பைத் தூக்க ஆறு பேர் வேண்டும்.

"விடுங்க," என்றாள் எதெல்வினா. "அவரும் வீட்டோட ஒரு தூண்தான்."

அவுதீலியோ தார்க்குச்சியை உயர்த்திக் குரல் கொடுத்தார். மாடுகள் கழுத்தைத் தாழ்த்தின. கயிறு முறுக்கேறி முனகியது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, பெலார்மீனோவின் அப்பா காலத்திலிருந்து அசையாமல் நின்ற அந்த வீடு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல ஒருமுறை உறுமிவிட்டு நகர்ந்தது.

எத்தனை முறை பார்த்தாலும் அந்த முதல் நகர்வில் எல்லோரும் செய்வதை விட்டுவிட்டு நின்றுவிடுவார்கள். எதெல்வினாவுக்கே ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் பயந்துபோய் அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆப்பிள் மரங்களுக்கு நடுவே, தன் புகைக்குழாயை நிமிர்த்திக்கொண்டு, வீடு கோயில் தேர் மாதிரி இறங்கிப் போனது. கழற்றிய சன்னல் வழியே பெலார்மீனோ தெரிந்தான். ஒன்றுமே நடக்காததுபோல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரையில் பீப்பாய் கட்டிக் காத்திருந்தார்கள். பெருக்கு ஏறி ஏறி வந்தது. முதலில் சறுக்குக் கட்டைகள் மறைந்தன, பிறகு வாசற்படி. பிறகு யாரும் எதுவும் செய்யாமலே வீடு தரையை விட்டு எழுந்து, மெல்ல மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.

படகுகள் கயிற்றை இழுத்தன. எதெல்வினா முதல் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தான் சமைத்த இடம், கூட்டிப் பெருக்கிய இடம், இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துத் தெற்கே மீன் பண்ணை வேலைக்கு அனுப்பிய இடம், அலை மேல் தன் பின்னால் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். கடல்நாய் ஒன்று தலையை நீட்டி வீட்டைப் பார்த்தது; முங்கியது; நம்பாமல் மறுபடி எழுந்து பார்த்தது. புகைக்குழாயில் திடீரென்று புகை வந்தது.

"அடப்பாவி, அடுப்ப மூட்டிட்டான்!" என்றார் அதே படகில் வந்த அவுதீலியோ.

"குளிருமில்ல," என்றாள் எதெல்வினா. அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. கடல் தெறித்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

நடுக்கடலில்தான் வினை. வீடு கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாயத் தொடங்கியது. பீப்பாய் எதுவும் அவிழவில்லை. கயிறும் சரியாகவே இருந்தது. தரைப்பலகை வழியே கடல் ஊறிப் பெலார்மீனோவின் கணுக்காலைத் தொட்டது. அவன் எழுந்து பரணுக்கு ஏறினான். அவன் ஏறிய பிறகு பரண் சன்னல் வழியே தெரிந்த காட்சியைக் கண்டு அவுதீலியோ தலையில் அடித்துக்கொண்டார்.

பரண் முழுக்கக் கிழங்கு மூட்டை.

விதைக்கிழங்கு. ஊதாக் கிழங்கு, கறுப்புக் கிழங்கு, நாய்மூக்குக் கிழங்கு என்று அவன் பல வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த அத்தனையையும் முதல் நாளே கொட்டகையிலிருந்து சுமந்து, அடுப்புச் சூடு படுகிற பக்கமாகப் பார்த்து ஒளித்து வைத்திருந்தான். பிற ஊர்க்காரன் நகையை ஒளித்து வைப்பான். பத்திரத்தை ஒளித்து வைப்பான். கோல்தே கிழங்கின் மேல் இத்தனை அவநம்பிக்கை கொள்ள நம் ஆளால் மட்டும்தான் முடியும்.

"தூக்கிப் போடுடா கடல்ல!" என்று கத்தினார் அவுதீலியோ.

அப்போதுதான் பெலார்மீனோ வாய் திறந்தான். அந்தக் கடலில் காற்றைத் தவிர வேறெதுவும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"உன் மாட்டத் தூக்கிப் போடு! உன் பொண்டாட்டியோட ஓநாய்க் கொழுப்பத் தூக்கிப் போடு! என் கிழங்கத் தொட்டா கைய முறிச்சிருவேன்!"

சொல்லிவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டான். வீடு நிமிர்ந்தது. கூடுதலாகப் போட்டுவிட்டான், வலப்பக்கம் சாய்ந்தது. மறுபடி இந்தப் பக்கம். அடைமழை மேகத்துக்குக் கீழே, கடலுக்கு நடுவே, ஒரு வீடு இடமும் வலமும் ஆட, அதன் பரணில் ஒரு கிழவன் மூட்டையைச் சுமந்து குறுக்கும் நெடுக்கும் ஓடி, தன் அப்பன் கட்டிய கூரையைத் தன் தோளால் கடலில் சமன் பார்த்துக்கொண்டு வந்தான். "கிழவி! கயித்த இடது பக்கம் இழு! இடது பக்கம்! அது உன் சோத்துக்கை!" என்று கட்டளைகள் வேறு பறந்தன. எதெல்வினா முதல் படகில் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவனிடம் கேட்ட வார்த்தைகளையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குக் கேட்டதில் பாதி தேறாது. இடது பக்கம் எது என்று பார்த்துக் கயிற்றை இழுத்தாள்.

சாய்ந்து சாய்ந்து வந்ததில் நீரோட்டம் வீட்டைத் தள்ளிவிட்டது. குறித்த கரைக்கு அல்லாமல் பக்கத்துக் கல்கரைக்குப் போய் முட்டி நின்றது. கோல்தேக்காரர்கள் மாடுகளோடு அங்கே ஓடிவந்தார்கள். கூட்டத்தில் யெசேனியா இருந்தாள். மேட்டில் புதுவீடு வாங்கியிருந்த தலைநகர்க்காரர் இக்னாசியோவும் மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

மாட்டைப் பூட்டப் போன கோல்தேக்காரர்கள் பரணைப் பார்த்தார்கள். பெலார்மீனோ அங்கிருந்து முழுத் தொண்டையில் கிழங்குகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"தொண்டைக்கட்டுன்னாங்க?" என்றான் ஒருவன்.

"எங்க வீட்டு வரைக்கும் கேட்டுச்சு, கட்டின தொண்டை."

"அப்ப எங்கள வேண்டிக் கேட்டது யாரு?"

யாரும் கோபப்படவில்லை. நம் சனங்கள் இந்த மாதிரி நேரத்தில் கோபப்பட மாட்டார்கள். அதைவிட மோசம், மரியாதையாக உட்கார்ந்துவிட்டார்கள். கற்களின் மேல் வரிசையாக உட்கார்ந்து, மாடுகளை மேயவிட்டு, கடலைப் பார்த்தார்கள். படகுகளில் வந்த தெலாவ்காரர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

பெருக்கு நின்று வற்றத் தொடங்கியது. வீட்டின் ஒரு பக்கம் பாறையில் தொங்கியது. தண்ணீர் இறங்க இறங்க உத்தரம் கிரீச்சிட்டது. நேரத்தோடு மேலே இழுக்காவிட்டால் இடுப்பு முறிந்து விறகாகிவிடும்.

எதெல்வினா எல்லோரையும் பார்த்தாள். பேசுவதற்கு ஆயிரம் இருந்தும் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பரணைப் பார்த்து அவனைக் கெஞ்சவும் இல்லை. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கயிற்றுத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டாள். ஒற்றை ஆளாக இழுக்கத் தொடங்கினாள்.

அந்த வீட்டுக்கு முன்னால் அவள் ஒரு எறும்பு மாதிரி இருந்தாள். வீடு அசையவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. யெசேனியா தன் வெள்ளைச் செருப்பைக் கழற்றினாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பரணில் சத்தம் நின்றது. பெலார்மீனோ சன்னலுக்கு வந்தான்.

"கிழவி, கயித்தப் போடு."

அவள் திரும்பவில்லை.

"ஒனக்குத்தான் சொல்றேன். தோள் போயிடும்."

அவள் இன்னொரு அடி எடுத்துவைத்தாள், கால் வழுக்கியது, எழுந்தாள்.

பெலார்மீனோ தொப்பியைக் கழற்றினான். கழுத்தில் இன்னும் சாம்பல் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. கற்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். குரல் இப்போதுதான் உண்மையிலேயே கட்டிக்கொண்டுவிட்டது.

"நான்... பெலார்மீனோ. இந்த வீட்டுக்காரன். உங்களையெல்லாம் வேண்டிக் கேட்டுக்கறேன். என் வீட்ட மேல ஏத்திக் குடுங்க." கொஞ்சம் நிறுத்தி, மஞ்சள் கோட்டைப் பார்த்தான். "நீங்க யாருன்னு தெரியல ஐயா. உங்களையும்தான் வேண்டிக் கேக்கறேன்."

அவ்வளவுதான். கல்லெல்லாம் காலியாகிவிட்டது. மாடுகள் ஓடி வந்தன. ஆணும் பெண்ணும் கயிற்றில் தொத்தினார்கள். இக்னாசியோ செல்போனை எங்கே வைத்தார் என்பது அவருக்கே கடைசி வரை தெரியவில்லை. முன்வரிசையில் நின்று இழுத்து, விழுந்து, சேற்றோடு எழுந்து மறுபடி இழுத்தார். வாழ்க்கையில் இதுவரை அவரை யாரும் எதற்கும் வேண்டிக் கேட்டதில்லைபோல. அவுதீலியோ இரைந்தார். எல்லோரும் ஒரே மூச்சில் சாய்ந்தார்கள். வீடு ஒருமுறை நடுங்கியது. பாறையை விட்டுக் கழன்றது. தண்ணீரை நாலாபக்கமும் வடித்துக்கொண்டு, கிழங்கும் கிழவனும் அடுப்பும் சகிதமாக, கோல்தே மண்ணில் ஏறியது. வெறும் கையும் கயிறும் இப்படியொன்றைச் செய்யும் என்பதைப் பார்த்த பிறகு கயிற்றைக் கீழே போடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. மாடுகள் ஆவி பறக்க மூச்சு விட்டன.

சாயங்காலத்துக்குள் வண்டிப்பாதை வழியாகச் சரிவு நிலத்துக்கு இழுத்து நிறுத்திவிட்டார்கள். குழி தோண்டி, கல்லைச் சுட்டு, சிப்பியும் பன்றியிறைச்சியும் அடுக்கி மூடியது வேக, கள் ஓடியது. இக்னாசியோ இரண்டு குவளைக்குப் பிறகு எதெல்வினாவிடம் வந்தார்.

"அம்மா, இந்த வீட்ட விப்பீங்களா? என்ன வேணாலும் கேளுங்க."

"வீடு விக்கிறதுக்கில்ல ஐயா. உள்ள ஒரு கிழவன் இருக்கான், வேணுமா? இன்னைக்குத்தான் பேசப் பழகியிருக்கான்."

அந்த வாரத்திலேயே கோல்தேயில் வெற்று நிலத்தின் விலை ஏறியது. யெசேனியா தன் கடை வாசலில் புதுப் பலகை மாட்டினாள்: 'நல்ல நிலம். வீட்டை நீங்களே கொண்டுவரவும்.' தலைநகர்க்காரர்கள் அதைப் படமெடுத்துப் போனார்கள். தீவுக்காரர்கள் சிரிக்காமல் உள்ளே போய் விலை கேட்டார்கள்.

ஆனால் வீடு வந்த அன்று சாயங்காலம் எதெல்வினா உள்ளே போனபோது, பெலார்மீனோ இன்னும் வீட்டை விட்டு வெளியே இறங்கியிருக்கவில்லை. சமையலறைச் சன்னலில் நின்றுகொண்டிருந்தான். மழை விட்டிருந்தது. மேகத்துக்குக் கீழே வெயில் நீளமாக அடித்தது. தெலாவ் முழுதாகத் தெரிந்தது.

எத்தனையோ முறை அவன் கோல்தேக்குக் கிழங்கு விற்க வந்திருக்கிறான். வந்த வேலை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு படகேறியிருக்கிறான். நின்று திரும்பிப் பார்த்ததேயில்லை.

"எதெல்வினா," என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. "அதுவா?"

"அதுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

அவன் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தான். தீவு முழுக்க விரலுக்குப் பின்னால் மறைந்தது. விரலை எடுத்தான், மறுபடி வந்தது. வீடு இருந்த இடத்தில் பச்சைக்கு நடுவே ஒரு சின்ன மண்சதுரம்.

"எங்கப்பன் சண்ட, அவுதீலியோ அப்பன் சண்ட, வேலித் தகராறு, கோயில் தகராறு... இம்புட்டும் அதுக்குள்ளயா நடந்துச்சு?"

"நடந்ததுல பாதி உனக்குத் தெரியாது. நான் சொன்னப்ப நீ எங்க கேட்ட?"

பெலார்மீனோ மரக்கட்டையைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணைத் தீவை விட்டு எடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கும் இடம் விட்டான்.

"இப்ப சொல்லு," என்றான்.